ஊருக்கெல்லாம் சொன்னேன்... அக்காவிடம் சொல்லவில்லை!

உங்கள் தெருவில் எப்போதாவது இலவச மருத்துவ முகாம் நடந்திருக்கிறதா? சாமியானா பந்தல், வாடகை நாற்காலிகள், ஓரமாக ஒரு மோர்ப் பானை... அங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கூச்சப்படாம வாங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலைதான்!" என்று தொண்டை வறளக் கத்துகிற ஒருத்தியைப் பார்த்திருப்பீர்கள். திருச்சி உறையூரில் பன்னிரண்டு வருஷமாக அந்த ஒருத்தி நான்தான்.

எங்களுடையது சின்ன பெண்கள் குழு. 2006-ல் ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு தடவை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தி வந்தோம். தீபாவளிக்கு முன்னால் உண்டியலைத் தூக்கிக்கொண்டு என்.எஸ்.பி. ரோடு, சின்னக் கடைவீதி என்று கடை கடையாக ஏறி இறங்குவோம். சேர்ந்ததில் பாதி முகாமுக்கு, பாதி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. மணியார்டர் அனுப்பிய காலத்திலிருந்து அந்த ரசீதுகளையெல்லாம் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முகாம் அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்கா வருவாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வந்துவிடுவாள். கையில் பெரிய தூக்குவாளி. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட மோர். "பாவம், தூரத்துலேர்ந்து வர்ற பொம்பளைங்க, வெயில்ல நிக்கறாங்க" என்பாள். வந்தவர்களுக்கு, நர்சுகளுக்கு, டாக்டரம்மாவுக்கு என்று சாயங்காலம் வரைக்கும் ஊற்றிக் கொடுப்பாள்.

பன்னிரண்டு வருஷம் மோர் கொடுத்தவள், ஒரு தடவைகூட திரைக்குப் பின்னால் போய்ப் படுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று என்னையே நான் பல தடவை கேட்டுக்கொண்டேன். முகாமுக்கு வருகிறவர்கள் 'அவர்கள்'. நோய் வரக்கூடியவர்கள், பாவப்பட்டவர்கள், நாம் உதவி செய்ய வேண்டியவர்கள். அக்கா நம் வீட்டு மனுஷி. அவளுக்கு எப்படி வரும்? இப்படி ஒரு கோடு என் மனசுக்குள்ளே இருந்திருக்கிறது. அதை நான் போட்டதே எனக்குத் தெரியாது!

அலமாரியில் கிடந்த நோட்டீஸ்

2018 மார்கழி. ஒரு நாள் அக்கா பெண் போன் பண்ணினாள். "சித்தி, அம்மா விடிகாலை நாலு மணிக்கே எழுந்து புடவையைத் தனியாத் துவைக்கிறாங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாங்க. நீங்க வந்து கேளுங்களேன்."

போனேன். சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி. உடம்புச் சூடு. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சிட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஆடியிலேர்ந்து."

அக்காவுக்கு அப்போது 56 வயசு. மாதவிலக்கு நின்று ஆறு வருஷமாகிவிட்டது. ஐந்து மாசமாக விட்டு விட்டு ரத்தம் பட்டுக்கொண்டிருக்கிறது. வாடையோடு வெள்ளைப்படுதலும் இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. "பொண்ணுக்கு வரன் பார்த்திட்டிருக்கோம். இந்த நேரத்துல ஆஸ்பத்திரி, கேன்சர்னு பேச்சு கிளம்பினா யாருடி வருவா?" என்றாள்.

ஆக, அது 'சூடு' இல்லை என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கிறது.

எனக்குப் பேச வாய் வரவில்லை. கண்ணைத் தாழ்த்தினால், டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரித் தட்டில் விரித்த காகிதம் கண்ணில் பட்டது. எங்கள் முகாம் நோட்டீஸ்தான்! மீந்துபோனதை அக்கா வீணாக்காமல் எடுத்து வந்து விரித்திருக்கிறாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் நான் எழுதிக் கொடுத்த வரி அப்படியே தெரிந்தது. 'மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அலட்சியம் வேண்டாம்.'

அடுத்த நாளே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சதைப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து பத்து நாளில் முடிவு தெரிந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 2-பி நிலை. அதாவது கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவ ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிற கட்டம் தாண்டியாயிற்று. கதிர்வீச்சும் மருந்தும்தான் வழி.

"குணப்படுத்த முடியும். ஆனா இது ஒரே நாளில் வர்ற வியாதி இல்லை. பத்து, பதினைஞ்சு வருஷம் மெதுவா வளர்ந்திருக்கும். நடுவுல ஒரு தடவை டெஸ்ட் பண்ணியிருந்தா ஆரம்பத்துலேயே பிடிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவருக்கு எங்கள் முகாம் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியுமே! என் அக்கா மோர் ஊற்றிக்கொண்டு நின்ற அதே வருஷங்கள்தானே அவை.

புதுக்கோட்டையில் பிறந்த ஒரு அக்கா

இன்னொரு அபிப்பிராயம் கேட்கலாம் என்று, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அக்காவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். ஃபைலில் ரசீதாக மட்டும் இருந்த இடத்தில், கையில் டோக்கனோடு நான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஆந்திராவிலிருந்து, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். அங்கே 'அவர்கள்' என்று யாருமே இல்லை. எல்லார் மடியிலும் ஒரே மாதிரி ரிப்போர்ட் கவர்.

அந்த மருத்துவமனை எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அதுவும் ஒரு அக்கா - தங்கை கதைதான்.

நம் திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள புதுக்கோட்டையில், 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் கல்லூரி வாசலை மிதிக்காத காலத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1927-ல் சென்னை சட்ட மேலவையில் நுழைந்த முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று அவர் செய்ததெல்லாம் நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம்.

அப்பேர்ப்பட்ட டாக்டரின் சொந்தத் தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்துபோனார். 1920-களில் நடந்தது இது. படித்த அக்கா பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. காரணம், புற்றுநோய்க்கென்று சிகிச்சை தருகிற இடமே அப்போது இந்தப் பக்கத்தில் இல்லை.

அந்த துக்கத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். சுலபமாக யாரும் கேட்டுவிடவில்லை. வந்தால் சாவுதான் என்று எல்லாரும் நினைத்த வியாதிக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற மனப்பான்மை அப்போது! இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி மூலம் பணம் திரட்டினார்கள். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை போய் முப்பது வருஷத்துக்குப் பிறகு!

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா அந்த வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில் மறைகிற வரைக்கும் நோயாளிகளுக்காகவே இருந்தார். புற்றுநோய் என்றதும் பயப்படாதீர்கள், சீக்கிரம் வாருங்கள் என்பதைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். முத்துலட்சுமி அம்மையாருக்கு வீட்டில் வந்த துக்கம் முதலில், தொண்டு அப்புறம். எனக்கோ தொண்டு முதலில் வந்தது, வீட்டில் துக்கம் அப்புறம் வந்தது. அவருக்கு இல்லாத வசதியெல்லாம் எனக்கு இருந்தது. டெஸ்ட் இருந்தது, டாக்டர் இருந்தார், கையில் மைக்கும் இருந்தது. அக்காவின் தோளைத் தொட்டு "நீயும் வாக்கா" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இருபத்தைந்து நாள் காலண்டர்

"இதே சிகிச்சையைத் திருச்சியிலேயே எடுத்துக்கலாம். வீட்டுச் சாப்பாடு, சொந்த மனுஷங்க இருப்பாங்க" என்று அடையாறில் சொல்லிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஆரம்பமானது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 தடவை வெளிக் கதிர்வீச்சு. வாரம் ஒரு நாள் மருந்து ஏற்றுவார்கள். அது முடிந்ததும் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே கருவி வைத்து உள் கதிர்வீச்சு. உலகம் முழுக்க இந்த நிலைக்குக் கொடுக்கிற சிகிச்சை முறை இதுதான்.

கதிர்வீச்சு என்றால் சுட்டுப் பொசுக்கிவிடுவார்கள் என்று அக்கா நடுங்கினாள். உண்மையில் எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி ஆடாமல் படுத்திருக்க வேண்டும். சில நிமிஷம்தான், வலி கிடையாது. தொந்தரவு அப்புறம்தான் வரும். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு, எழுந்து நடக்க முடியாத அசதி. டாக்டர் சொன்னபடி காரம் குறைத்த குழைந்த சாதம், மோர், இளநீர். இத்தனை வருஷம் ஊருக்கு மோர் கொடுத்தவளுக்கு நான் மோர் கரைத்துக் கொடுத்தேன்.

தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்து, "இன்னும் பதினெட்டு... இன்னும் பதினேழு" என்று எண்ணுவாள். ஆட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது, பங்குனி வெயிலில் மணல் திட்டாகக் கிடந்த காவிரியைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் திடீரென்று கேட்டாள்:

"ஏண்டி, அத்தனை பேரைக் கூப்பிட்டியே... என்னை ஏன் கூப்பிடலை?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. "தெரியலைக்கா" என்றேன். அது பொய்யில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானா வந்திருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. நீ பக்கத்துல இருக்கியேன்னு இன்னும் வெக்கம்" என்றாள்.

வாசகிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தெரியாத நர்சிடம் காட்டுவதைவிட, தெரிந்த தங்கை நிற்கிற இடத்தில் காட்டத்தான் அதிகக் கூச்சம். முகாம் நடத்துகிறவர்களின் வீட்டுப் பெண்கள் முகாமுக்கு வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் உங்கள் வீட்டுப் பெண்களை வேறு ஒரு நாளில், வேறு ஒரு இடத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். போதும்.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

அந்த மூன்று மாசத்தில் எத்தனையோ பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் வீட்டில் யாருமே ஆப்பிள் சாப்பிடுகிற நிலையில் இல்லை! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நானும் இத்தனை நாள் மற்றவர்களுக்கு ஆப்பிள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று.

நிஜமாக உதவியாக இருந்தது வேறு. எதிர் வீட்டம்மா கேட்காமலேயே ராத்திரிக்கு இட்லி அனுப்பினார். மாமாவின் சிநேகிதர் ஒருவர் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார். எங்கள் குழுவில் ஒருத்தி, காப்பீட்டு அட்டைக்காக மாமாவோடு அலைந்தாள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இப்போது சேரலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் இன்றைக்கே அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். சிகிச்சைக்காக வெளியூர் போகிற புற்றுநோயாளிக்கும், துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. "போன ஜென்மத்துப் பாவம்", "யார் கண்ணு பட்டுச்சோ" என்று நோயாளி காதுபடப் பேசாதீர்கள். இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசன் இதைக் கண்டுபிடித்ததற்காக 2008-ல் நோபல் பரிசு வாங்கினார். தாம்பத்திய உறவில் பரவுகிற சர்வ சாதாரணமான வைரஸ் இது. பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றி, தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, வருஷக்கணக்கில் செல்களை மாற்றிவிடுகிறது. ஒழுக்கத்தோடு இதை முடிச்சுப் போடுவது அநியாயம். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. அம்மாவுக்கு வந்ததால் பெண்ணுக்கும் வந்தே தீரும் என்பதும் கிடையாது.

அந்த ஐந்து நிமிஷம்

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இத்தனைக்கும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய புற்றுநோய் இது! ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் இரண்டே பேர்.

சோதனை என்ன பெரிய சோதனை? நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் ஊறுகாய் வினிகர் மாதிரியான ஒன்றை, கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். மாறுதல் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். முடிவு அப்போதே தெரிந்துவிடும். லேசாகச் சுரீரென்று இருக்கலாம், அவ்வளவுதான். வெளுத்துத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய கட்டம் என்றால், சின்ன சிகிச்சையிலேயே அந்த இடத்தைச் சரிசெய்துவிடலாம்.

இது வேலை செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியதே நமக்குப் பக்கத்தில் இருக்கிற திண்டுக்கல் மாவட்டம்தான்! அங்கே கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே இந்தச் சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு தடவை செய்த சோதனையால், இந்தப் புற்றுநோயில் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆய்வு முடிவு வெளியானது.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வினிகர் சோதனை சரியாகக் காட்டாமல் போகலாம். அவர்களுக்கு பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை பொருத்தம். எது வேண்டும் என்று டாக்டரே சொல்வார்.

வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதா? 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போடுவது மிக நல்லது. இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவேக்' 2023-ல் விற்பனைக்கு வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயசுக்கு மேல் சோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

மறுபடியும் மோர்

அக்கா நன்றாக இருக்கிறாள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. செக்கப்புக்குப் போகிற அன்றைக்கு மட்டும் காலையில் காபி இறங்காது. அந்தப் பயம் போகவே போகாது போலிருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு வைத்தியம் நடந்ததைச் சொல்லித்தான் செய்தோம்.

நானும் போய்ப் படுத்தேன். பன்னிரண்டு வருஷம் 'அஞ்சு நிமிஷ வேலைதான்' என்று கத்திய எனக்கு, அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லவேளை, ஒன்றுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் மைக்கில் அப்படிக் கத்துவதில்லை. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போயிட்டு வந்தேன்" என்கிறேன். வருகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்.

இப்போதும் அக்கா தூக்குவாளியோடு வருகிறாள். ஆனால் சும்மா மோர் கொடுப்பதில்லை. "டெஸ்ட் பண்ணிட்டியாம்மா? போயிட்டு வந்து குடி" என்கிறாள். எங்கள் குழுவிலும் ஒரு விதி போட்டுவிட்டோம். உண்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பெண்களை டெஸ்டுக்கு அழைத்துப் போய் வந்திருக்க வேண்டும்.

தருமம் செய்கிற கை தாராளமாகச் செய்யட்டும். முப்பது வருஷம் விடாமல் முயன்ற ஒரு அக்காவால்தான், என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் இருந்தது. ஆனால் அடுத்த தடவை யாராவது உங்கள் முன்னால் உண்டியலை நீட்டினால், காசைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். அம்மாவிடம், அக்காவிடம், அண்ணியிடம், மாமியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"ஒண்ணுமில்லடி, சூடுதான்" என்று பதில் வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள்.

உடனே டாக்டரைப் பாருங்கள்

● மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரே ஒரு தடவை என்றாலும்.

● இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலோ, தாம்பத்திய உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால்.

● துர்நாற்றத்தோடு அல்லது ரத்தம் கலந்து வெள்ளைப்பட்டால்.

● அடிவயிறு, இடுப்பு வலி விடாமல் இருந்தால்.

● எந்தத் தொந்தரவும் இல்லையா? 30 வயதானவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதனை செய்துகொள்ளுங்கள். தொந்தரவு தெரிவதற்கு முன்னால் செய்தால்தான் அது முழுப் பலன் தரும்.